மை வைக்காத விரல்

2024 ஜூலை 4ஆம் தேதி சாயந்திரம் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். "ஓட்டுப் போட்டுட்டேம்மா" என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்க, விரலைக் காட்டு." காட்டினேன். "மையே இல்லையேடி. உன் ஓட்டை வேற யாராவது போட்டுட்டா?"

இங்கே இங்கிலாந்தில் மை வைப்பதில்லை. மேசையில் இருந்த பெண்மணியிடம் என் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். பட்டியலில் என் பெயரைத் தேடி, ஸ்கேல் வைத்து அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். சீட்டைக் கையில் கொடுத்தார். பலகையால் மறைத்த ஒரு சின்ன இடம், நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பெருக்கல் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெளியே வந்தபோது கை லேசாக நடுங்கியது.

நாங்கள் இருப்பது நியூவார்க். அமெரிக்காவில் உள்ளது அல்ல. இங்கிலாந்தில், ட்ரெண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சந்தை ஊர். லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். 2022-ல் வந்தோம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், கணவருக்குக் கிடங்கில் வேலை. வந்த சில மாதங்களில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி கவுன்சிலிலிருந்து ஒரு படிவம் வந்தது. தவறி வந்திருக்கும் என்று அலமாரிக்குள் போட்டுவிட்டேன். விசாவில் இருக்கிறவளுக்கு எதற்கு ஓட்டு? கூட வேலை செய்யும் கேரளத்துச் சேச்சிதான் சொன்னார்: காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம்.

இருந்தும் தயங்கினேன். அந்த ஜனவரியில்தான், வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்திருந்தார். காரணம் ஓட்டு அல்ல, அரசியல் அல்ல. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் பையனின் பள்ளி, பஸ், வாடகை என்று தூக்கமே இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதே நல்லது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

என் மனத்தை மாற்றியவர் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு நாள் காலை அவருக்குத் தேநீர் கொடுக்கும்போது என் பயத்தைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் அப்படிச் சொல்லக்கூடாது" என்றார். அப்புறம் பல காலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைச் சொன்னார். மிச்சத்தை நான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

நியூவார்க்குக்கு நாடாளுமன்ற இடம் கிடைத்ததே அரச விசுவாசத்துக்குப் பரிசாகத்தான். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், நாடாளுமன்றப் படை மூன்று முறை முற்றுகையிட்டும் இந்த ஊர் விழவில்லை. 1646-ல் மன்னர் முதலாம் சார்லசே சொன்ன பிறகுதான் சரணடைந்தது. அந்த நன்றிக்காக அவர் மகன் இரண்டாம் சார்லஸ் 1673-ல் ஒரு சாசனம் கொடுத்து, இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை தந்தார். அரச சாசனத்தால் அந்த உரிமை பெற்ற கடைசி ஊர் இதுதான்.

இங்கே ஊர் வரி கட்டும் குடும்பத் தலைவனுக்கெல்லாம் ஓட்டு இருந்தது. கொல்லனுக்கும் தச்சனுக்கும்கூட. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் குடியிருந்த வீடுகளில் பல நியூகாசில் டியூக் என்ற பெரும் பிரபுவின் கையில். ஓட்டும் ரகசியம் கிடையாது. எல்லார் முன்னாலும் மேடையேறி, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள்.

1829-ல் இடைத்தேர்தல். டியூக்கின் ஆள் மைக்கேல் சாட்லர், எதிரே தாமஸ் வைல்ட் என்ற வழக்கறிஞர். சாட்லர்தான் ஜெயித்தார். ஜெயித்தும் டியூக்கின் கோபம் அடங்கவில்லை. வைல்டுக்குப் போட்ட தன் குடித்தனக்காரர்களுக்கு வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் அனுப்பினார். ஊர்க்காரர்கள் முறையிட்டபோது, என் சொத்தை என் இஷ்டப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்று திருப்பிக் கேட்டார். 1830-ல் ஊர் நாடாளுமன்றத்துக்கே மனுப் போட்டது. சபை அதை விசாரிக்க மறுத்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம், பண்ணையார் நிலத்தில் போட்ட குடிசை அவருடையது. ஓட்டுச் சீட்டு ரகசியம் என்று சட்டம் சொன்னாலும், காலையில் பண்ணை வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். மனை அவர்களுடையதாயிற்றே! குடியிருப்பவர்களுக்கே மனையைச் சொந்தமாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, பட்டா கைக்கு வந்த பிறகுதான் தாத்தா தன் இஷ்டத்துக்குப் போட்டார் என்று அம்மா சொல்வாள்.

நியூவார்க்காரர்களும் பணிந்து போகவில்லை. 1831-ல் அதே வைல்டை ஜெயிக்க வைத்தார்கள். டியூக் விடுவாரா? அடுத்த ஆண்டு தன் மகனின் ஆக்ஸ்ஃபோர்ட் நண்பன் ஒருவனைக் கொண்டு வந்து நிறுத்தினார். 23 வயதுகூட நிறையாத வில்லியம் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரானவர். சந்தைத் திடலில் கிளிண்டன் ஆர்ம்ஸ் என்று ஒரு விடுதி இருந்தது. அந்த விடுதிக் கட்டடத்திலிருந்துதான் அவர் தன் முதல் அரசியல் உரையைப் பேசினார். கிளிண்டன் என்பது டியூக்கின் குடும்பப் பெயர். சனிக்கிழமை சந்தையில் வெங்காயம் வாங்கும்போதெல்லாம் அந்த மாடியை நிமிர்ந்து பார்ப்பேன். 1832 டிசம்பரில் கிளாட்ஸ்டன் ஜெயித்தார், வைல்ட் தோற்றார்.

கிளாட்ஸ்டன் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. அவர் அப்பா ஜான் கிளாட்ஸ்டனுக்கு தென் அமெரிக்காவில், இன்றைய கயானாவில் இருக்கும் டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமை முறை ஒழிந்தபோது, 2,500க்கும் மேற்பட்ட மனிதர்களுக்கு ஈடாக லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். அப்புறம் 1838-ல் கல்கத்தாவிலிருந்து நம்மவர்களைக் கப்பலேற்றி அதே தோட்டங்களுக்குக் கூலியாகக் கொண்டு போனதும் அவர் ஏற்பாட்டில்தான். மகன் 1833-ல் சபையில் எழுந்து அப்பாவின் தோட்டத்துக்காகப் பேசினார். அதை மறைத்து அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை நீக்கும் விஷயத்தில் டியூக்கோடு மனம் வேறுபட்டு, 1846-ல் கிளாட்ஸ்டன் நியூவார்க்கை விட்டுப் போனார். ரகசிய ஓட்டை நெடுங்காலம் எதிர்த்தவர் அவர். ஆனால் அவர் பிரதமராக இருந்தபோதுதான் அந்தச் சட்டம் வந்தது. 1871-ல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை நிராகரித்தது, 1872-ல் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டது. டியூக்கின் கையைப் பிடித்து உள்ளே வந்தவரின் ஆட்சியிலேயே டியூக்குகளின் கண்ணை மறைக்க ஒரு பலகை வந்தது. 1885-ல் நியூவார்க் தன் இரண்டு தனி இடங்களையும் இழந்து, சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து ஓர் உறுப்பினர் தொகுதியானது. இப்போது நான் ஓட்டுப் போட்டதும் அப்படி ஒரு தொகுதியில்தான்.

தேர்தல் முடிந்த கோடையில் ஏ1 சாலை வழியாக வடக்கே பாண்டிஃப்ராக்ட் போனோம். அதுவும் சந்தை ஊர்தான். 1872 ஆகஸ்ட் 15 அன்று, புதுச் சட்டத்தின்படி முதல் ரகசிய ஓட்டு அங்கேதான் நடந்தது. அந்தப் பெட்டியை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சாதாரண மரப்பெட்டி. அதன்மேல் அரக்கு முத்திரைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முத்திரை குத்தக் கையில் கிடைத்தது உள்ளூர் மிட்டாய்த் தொழிற்சாலையின் அச்சு. அதனால் அரக்கில் ஒரு கோட்டைப் படம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி பூட்டியாகிவிட்டது, இனி யாரும் உள்ளே பார்க்க முடியாது என்று அந்த ஊர் சொன்ன இடம் அது.

வெளியே கடையில் பையன் அதே கோட்டை அச்சுக் குத்திய கறுப்பு மிட்டாய் வாங்கினான். வாயில் போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதிமதுரம். இருமல் வந்தால் அம்மா வாயில் அடக்கச் சொல்லும் அதே வேர். ஒரு பாக்கெட் அம்மாவுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.