காந்தள் வேலியில் விட்டில்: மணக்குடியிலிருந்து முட்டம் வரை

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்தபின் மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று குமரி மாவட்டக் கரையோரமாகப் போகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி வேலிகளைப் பாருங்கள். இலை நுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி ஏறும் செங்காந்தள் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பாலிடெலா குளோரியோசே என்ற விட்டிலைத் தேட வேண்டும். 1781இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் விவரித்த இனம். இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. காந்தளின் அறிவியல் பெயரான குளோரியோசாவே இதன் பெயரிலும் இருக்கிறது.

விரித்த சிறகு சுமார் 30 மி.மீ. முன்சிறகின் கருமைமேல் சிவப்பும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கிடக்கும், பின்சிறகு கருப்பு. அத்தனை அழகு, ஆனால் இரவில் பறப்பது. பகலில் புழுவைத் தேடுவதே பலன் தரும். கருத்த உடலில் வெள்ளைத் திட்டுகள், சிவப்புப் புள்ளிகள். குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக மேயும். வளர்ந்தபின் பிரிந்து மொட்டையும் விடாது. ஓரம் கடிபட்ட இலையும் அதன்கீழ் கரிய எச்சமும் தெரிந்தால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். கொடியை ஆட்டாதீர்கள், புழு சுருண்டு விழுந்துவிடும்.

காந்தள் காய்ந்து கிழங்காக மண்ணுக்குள் ஒடுங்கும் மாதங்களில் வீட்டு முற்றத்து விஷமூங்கிலையும் (மூங்கில் அல்ல, லில்லி போன்ற கிரினம் செடி) மழை லில்லியையும் பாருங்கள். அங்கே ஒரு குழப்பம் வரும்: விஷமூங்கில் இலையைக் குடைந்து உள்ளே இருந்து தின்னும் கருப்புப் புழு வேறு இனம், பிரிதிஸ் கிரினி. நம்முடையது வெளியே இருந்தே மேயும்.

வளர்த்துப் பார்க்க விரும்பினால் மூடியில் துளையிட்ட டப்பாவில் நான்கு விரல்கடை மணல் போடுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். மணல் கைக்கு ஈரமாகத் தெரிந்தால் போதும். நீர் தேங்கினால் பூஞ்சை பிடித்துக் கூட்டுப்புழு அழுகும். வாடிய இலையை அன்றாடம் மாற்றுங்கள். வெளிவந்த விட்டிலை அதே வேலியில் மாலையில் விடுங்கள்.

இரவில் விட்டிலை ஈர்க்க வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்கு வைப்பவர்களுக்குக் கடற்காற்றுதான் எதிரி. துணி படபடத்தால் எதுவும் உட்காராது. தாழம்புதரின் மறைவில் கட்டி, கீழ்ஓரத்தில் கல் வையுங்கள். நிலவில்லாத இரவு நல்லது.

காந்தளின் எல்லாப் பாகத்திலும் கொல்கிசின் நஞ்சு உண்டு, கிழங்கில் மிகுதி. இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கட்டுச்சோற்றைத் தொடுங்கள்.