ரூட்டை விட்டுக்கொடுத்த இடது கை

பக்கத்தில் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி வாத்தியத்தை வாசிக்க ஓர் ஆள் இருந்தால், பியானோக்காரரின் இடது கை ரூட் நோட்டுக்கு, அதாவது கார்டு என்ற சுரக்கூட்டின் அடிச்சுரத்துக்கு, போகத் தேவையில்லை. மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டில் உட்காருகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். அடிச்சுரத்தை இருவரும் சேர்ந்து பிடிப்பார்கள். இருவர் சுருதிக்கும் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் கீழ்ஸ்தாயி கொழகொழவென்று ஆகிவிடும், பேஸ் என்ன வாசிக்கிறது என்றே காதில் விழாது. அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் (1929–1980) தொழிலைப் புரிந்துகொள்ள, அவர் வாங்கிய விருதுகளை விட இந்தச் சின்ன விஷயம் அதிகம் உதவும்.

கீபோர்டில் ஸி கட்டையை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாஸில் ஓயாமல் வரும் கார்டு வரிசை: டி மைனர் செவன், ஜி செவன், ஸி மேஜர் செவன். முதல் கார்டைப் பாடப் புத்தகப்படி பிடித்தால் ரி ம த ஸ. அதில் ரி-யைப் பேஸுக்கு விட்டுவிட்டு மேலே க-வைச் சேர்த்தால் ம த ஸ க. அடுத்த கார்டுக்குக் கை நகரவே வேண்டாம். ஸ மட்டும் ஒரு கட்டை இறங்கி நி ஆகும்: ம த நி க. மூன்றாவதில் நி அப்படியே நிற்க, மற்ற மூன்று விரல்களும் ஒரு படி இறங்கும்: க ப நி ரி. மூன்று கார்டும் ஒரு சாண் இடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

எங்கே பிடிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன ம, நடு ஸி-க்குக் கீழே உள்ள எஃப். இதே வடிவத்தை ஜி சுருதிக்கு அப்படியே இறக்கினால் அடி விரல் நடு ஸி-க்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே போய் நிற்கும். அங்கே நெருக்கமான சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கும். ஆகவே வடிவத்தைத் திருப்ப வேண்டும்: அடியில் இருக்கும் இரண்டு சுரங்களை ஓர் ஆக்டேவ் ஏற்றி மேலே போடுங்கள். பன்னிரண்டு சுருதிகளில் எதற்கு எந்த வடிவம் என்று கை தானாகப் போகும்வரை மேடையில் முயலாதீர்கள். இதை எவன்ஸ் மட்டும் கண்டுபிடித்தார் என்பது மிகை. அஹ்மத் ஜமால், ரெட் கார்லண்ட் போன்ற பியானோக்காரர்களின் கைகளிலும் இது இருந்தது. அதையே ஒரு மூவர் குழுவின் அடித்தளமாக்கியதுதான் எவன்ஸ் செய்தது.

ரூட்டை விட்டுக்கொடுத்ததால் பேஸுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கேட்க, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் 1961 ஜூன் 25 அன்று பதிவானதை எடுத்துக்கொள்ளலாம். செவன்த் அவென்யூவில் படியிறங்கிப் போகும் நிலவறை கிளப் அது. ஞாயிற்றுக்கிழமை, மதியமும் இரவுமாக ஐந்து செட். முதல் பாட்டின் நடுவே மின்சாரம் போய்ப் பதிவு அறுந்தது. பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். வழக்கம்போல் தாளத்துக்கு நான்கு அடி வைத்து நடக்காமல், லஃபாரோ பியானோவுக்கு எதிர்ப்பாட்டே பாடுகிறார். அதற்கு இடம் கிடைத்ததே, எவன்ஸின் இடது கை அந்தப் பக்கம் வராததால்தான். பதினொரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடை ஏறவில்லை.

கிளப் வேலையில் இன்னொரு சங்கடம்: எல்லாரும் தங்கள் வாத்தியத்தோடு வர, பியானோக்காரர் மட்டும் வெறுங்கையோடு வருகிறார். அங்கே இருப்பதுதான் அவருக்கு விதி. அரை மணி முன்னதாகப் போய் 88 கட்டைகளையும் வரிசையாக, மெதுவாக, மிக மென்மையாக அழுத்திப் பாருங்கள். ஓங்கி அடித்தால் குறை தெரியாது. ஈரத்தில் ஊறிய கட்டை மேலே எழாது. நடு ஆக்டேவ்களில் சுத்தியலின் ஃபெல்ட் தேய்ந்து இறுகி, ஒலி கூசும். பெடலை எடுத்த பிறகும் முனகும் கம்பி எது என்று குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு அதன் மேல் நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும்.

இசையமைப்பாளராகப் பிழைப்பது தனிக் கணக்கு. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) இசைத்தட்டின் ஐந்து உருப்படிகளில் நான்கில் பியானோ எவன்ஸ். அதில் ‘ப்ளூ இன் கிரீன்’ பத்து பார்களில் (தாள ஆவர்த்தனங்களில்) சுழலும் விசித்திரமான சின்ன உருப்படி. அது தன்னுடையது என்று எவன்ஸ் சொன்னார், தட்டில் அச்சானது டேவிஸின் பெயர். அதே ஆண்டு டிசம்பரில் எவன்ஸ் தன் குழுவோடு பதிவு செய்தபோது இரண்டு பெயரும் இருந்தன.

இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. வாசித்தவருக்குப் பதிவன்று ஒருமுறை கூலி. எழுதியவர் தரப்புக்குத் தட்டு விற்க விற்கப் பணம். அமெரிக்கச் சட்டம் வைத்த விகிதம் 1909 முதல் 1977 முடியப் பாட்டுக்கு 2 சென்ட். லட்சம் தட்டு விற்றால் முழு விகிதத்தில் 2,000 டாலர். பதிப்பாளர் பங்கு போக, வழக்கமாகப் பாதி எழுதியவருக்கு. ஆகவே ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே மெட்டு, கார்டு பெயர்கள், தலைப்பு, பெயர், தேதி எல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். மெட்டுக்குப் பதிப்புரிமை பதிவு செய்யலாம். ம த ஸ க என்று கார்டைப் பிடித்த விதத்துக்கு மட்டும் யாரும் சென்ட் தருவதில்லை; எவன்ஸுக்குப் பின் வந்த பியானோக்காரர்கள் அதைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள்.