பினாங்கு நீல வீடும் அதன் கூரையில் ஒட்டிய கிண்ணச் சில்லுகளும்

மதுரைப் பக்கமிருந்து பினாங்கு போகிறவர்கள் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு, சாக்லேட் பொட்டலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கே ஜார்ஜ் டவுன் நகரத்து லீத் தெருவில் நீலமாக ஒரு வீடு நிற்கிறது, அதையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சியோங் ஃபாட் சீ (1840-1916) என்ற சீன வணிகர் கட்டியது. 38 அறை, 5 முற்றம், 7 மாடிப்படி, 220 ஜன்னல். உள்ளே கால் வைத்ததுமே கூட வந்த சித்தப்பா, "நம்ம கானாடுகாத்தான் வீட்டுக்கு நீலம் அடிச்ச மாதிரில்ல இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றியுள்ள கூரை உள்பக்கமாகச் சரிந்து மழையை அங்கேயே இறக்குகிறது. நம்மவர்கள் வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் சீனர்களுக்குச் செல்வத்தின் அடையாளம், வந்த வேகத்தில் வெளியே ஓடிவிடக் கூடாது. வீடே தெருவுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஃபெங் சுயி என்ற சீன வாஸ்துக் கணக்கு. செட்டிநாட்டுக்கு பர்மா தேக்கு வந்த மாதிரி இந்த வீட்டுக்குக் கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்பு வந்திருக்கிறது. உள்ளே தங்கப்பூச்சு மின்னும் மரத்தடுப்புகளும் உண்டு, எல்லோரும் அதன் முன்னால்தான் நின்று போட்டோ எடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது கூரைதான். முகட்டிலும் சுவரின் மேல்விளிம்பிலும் பூ, பறவை, மனித உருவம் என்று வரிசையாக இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் நம் கோபுரத்துச் சுதை வேலை மாதிரி தெரியும், ஆனால் அதில் பெயிண்டே கிடையாது. வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, அந்தச் சில்லுகளைச் சுண்ணாம்புக் காரையில் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கிண்ணத்துக்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கிறதல்லவா, அதுவே பூவிதழின் வளைவாகிவிடுகிறது, தனியாக வளைக்க வேண்டியதில்லை! மீனாட்சியம்மன் கோபுர பொம்மைகளுக்குக் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதுசாக வர்ணம் தீட்டுகிறோம், வெயிலும் மழையும் அதை மெதுவாகத் தின்றுவிடுகிறது. பீங்கான் மெருகுக்கு அந்தக் கவலை இல்லை, சில்லு பெயர்ந்து விழுந்தால்தான் உண்டு. கடற்கரை ஊருக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை எனக்குத் தெரியவில்லை.

சுவரின் நீலமும் கடையில் வாங்கிய எமல்ஷன் அல்ல. சுண்ணாம்பில் அவுரி நீலத்தைக் கலந்து அடித்தது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும், அதைத் திருமலை நாயக்கர் மகால் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சியோங் எழுதிய உயில். தன் கடைசி மகன் இறக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மகன் 1989இல் காலமானார். அதற்குள் வீடு நிறையவே பாழாகியிருந்தது என்றாலும் ஒரே வீடாகக் கைமாறி, 1990களில் பழுது பார்க்கப்பட்டு, 2000இல் யுனெஸ்கோ விருதும் வாங்கியது. நம் பக்கம் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் போனால் தூண் ஒரு பக்கம், நிலைக்கதவு ஒரு பக்கம் என்று காரைக்குடி பழைய சாமான் கடைகளுக்குப் போய்விடுகிறது. அப்படி ஒரு உயில் இங்கேயும் நாலு பேர் எழுதியிருக்கலாம் என்று எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

வழிகாட்டியோடு சுற்றிப் பாருங்கள், தனியாகப் போனால் பாதி புரியாது. நேரம் இருந்தால் அதே ஜார்ஜ் டவுனில் கூ கொங்சி குலமாளிகைக்கும் போய்விடுங்கள், பீங்கான் சில்லு வேலை அங்கேயும் கூரை முழுக்க இருக்கிறது.