கோழி அடைகாத்த ரேஸ் எஸ்டீம்

மொத நாள் கதவத் தொறந்தா டிரைவர் சீட்டுல ஒரு கோழி அடைகாத்துட்டு உக்காந்திருக்கு. ரேஸ் வண்டி பக்கெட் சீட்டு ரெண்டு பக்கமும் தூக்கி ஆள அணைச்ச மாதிரி இருக்கும்ல, அதுக்கு அத விட வசதியான எடம் எங்க கெடைக்கும். தோப்புக்காரரு "அது பொரிக்கட்டுங்க தம்பி, அப்புறம் வண்டிய எடுத்துக்கலாம்"னாரு. வெளையாட்டுக்கு சொல்றாருன்னு நெனச்சேன். நெசமாவே மூணு வாரம் கழிச்சுதான் வண்டி என் கைக்கு வந்துச்சு.

பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பாதி எடத்துல தேங்கா மட்டை, மீதி எடத்துல இந்த மாருதி எஸ்டீம். டயர் நாலும் தரையோட ஒட்டிப் போயி, முன்னாடி கண்ணாடியில கீறல், எந்தக் கதவுலயும் கண்ணாடி இல்ல, எல்லாம் மஞ்சளடிச்சுப் போன பாலிகார்பனேட் ஷீட்டு. உள்ள எட்டிப் பாத்தா டேஷ்போர்டு இல்ல, பின் சீட்டு இல்ல, அதுக்கு பதிலா வண்டி கவுந்தா ஆள காப்பாத்தற இரும்புக் கூண்டு, கொழா கொழாவா ரோல் கேஜ். ஒரு காலத்துல நேஷனல் சாம்பியன்ஷிப்ல, ரோட்டு வண்டியையே மாத்தி ஓட்டற டூரிங் கார் கிளாஸ்ல ஓடுன வண்டி. எந்த டீம், யார் ஓட்டுனாங்கன்னு எழுதல, அவங்களுக்கு இதுல விருப்பம் இல்ல.

எஸ்டீம் போய் ரேஸ் வண்டியான்னு நெறய பேர் கேக்குறாங்க. எங்க வீட்டுத் தலைமொறைக்கு அது பேங்க் மேனேஜர் வண்டி. 1990ல மாருதி 1000னு வந்த பாடிதான், 1994ல அதே பாடிக்குள்ள 1.3 லிட்டர் எஞ்சின வச்சதும் எஸ்டீம் ஆச்சு, 2007 வரைக்கும் வித்தாங்க. ஆனா பாருங்க, வெயிட்டு 900 கிலோவுக்கும் கம்மி, நாலு வீலுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அலுமினியம் பிளாக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர்லயும் கெடைக்கும், நம்ம ஊரு ரேஸ்காரங்களுக்கு வேற என்ன வேணும். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குலயும் கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்குலயும் பல வருஷம் கிரிட்ட நெரப்புனது இந்த வண்டிங்கதான்.

ஆனா அனேகமா ஒண்ணு கூட பத்திரமா இல்லங்கறதுதான் வருத்தம். ரேஸுக்குன்னே செஞ்ச ஃபார்முலா வண்டின்னா கொஞ்சம் மரியாத உண்டு. கோயம்புத்தூர் ரேஸ்காரரு கரிவரதன் மாருதி 800 எஞ்சின வச்சு பண்ண ஃபார்முலா மாருதி பத்தி இன்னைக்கும் பேசுறாங்க, அவரு பேருலதான் செட்டிபாளையம் டிராக்கே இருக்கு. டூரிங் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. சீசன் முடிஞ்சா எஞ்சின் ஒரு வண்டிக்கு, கியர்பாக்ஸ் இன்னொரு வண்டிக்கு, கடைசியில ஷெல்லு மட்டும் எடைக்குப் போயிரும். என்னோடது தப்பிச்சதுக்கு காரணம் ஓனருக்கு பாசம் எல்லாம் இல்ல, யாரும் வந்து தூக்கல, அவ்ளோதான்.

ரேஸ் வண்டிக்கு ஆர்.சி கெடையாது, நம்பர் பிளேட்டு கெடையாது, தெருமுனை பங்க் வரைக்கும் கூட ஓட்டிட்டுப் போக முடியாது. அதனால ரிட்டர்ன் லோடு லாரி ஒண்ணு பேசி ஏத்தி சென்னைக்கு கொண்டு வந்தேன். கூட வந்த டிரைவர் அண்ணன் கயிறு கட்டும்போது ஒரு தடவ சுத்தி வந்து பாத்துட்டு "இதுக்கா தம்பி இவ்ளோ வாடகை"ன்னாரு. நான் பதில் சொல்லல.

மாங்காடு ஷெட்டுல எறக்குனதும் மொத வேல கழுவுறது. கதவுக்குக் கீழ ஓடற பொட்டி மாதிரி பாகம், சில்லு, அதோட ஓட்டைய தொறந்து தண்ணி அடிச்சா மண்ணா வருது, ஒரு கிலோ ரெண்டு கிலோ இல்ல, முக்கா பக்கெட்டு. டிராக்க விட்டு வெளிய போன ஒவ்வொரு தடவையும் அள்ளிட்டு வந்த மண்ணு. அதுல கோழி எறகு, தேங்கா நாரு, ஒரு சாக்கெட் ஸ்பேனர் பத்தாம் நம்பரு கூட இருந்துச்சு. பத்தாம் நம்பர் சாக்கெட் எங்க போகுதுன்னு தெரியாம தலையப் பிச்சுக்கற மெக்கானிக்குங்க எல்லாருக்கும் சொல்லிக்கறேன், உங்களோடது எஸ்டீம் சில்லுக்குள்ள இருக்கு.

அப்புறம் டிங்கரிங். எங்க டிங்கர் அண்ணன் கையில சின்ன காந்தம் ஒண்ணு வச்சிருப்பாரு, அத வண்டி மேல நகத்திக்கிட்டே போவாரு, எங்க ஒட்டலையோ அங்க தகடு இல்ல, பள்ளத்த நெரப்புன பட்டி. எடது பின் பக்கம் ஃபுல்லா காந்தம் வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. சொரண்டி எடுத்தா சில எடத்துல ஒரு வெரக்கடைக்கு பட்டி, அதுக்கு அடியில நீல பெயிண்டு, அதுக்கும் அடியில செவப்பு, கடைசியா ஷோரூம் வெள்ளை. வலது பக்கத்துல செவப்பே இல்ல. அண்ணன் ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "சாரே, இது ஒரு வண்டி இல்ல, ஒண்ணர வண்டி"ன்னாரு. பின் சக்கரத்துக்கு மேல இருக்கற எடது குவார்ட்டர் பேனலே வேற எஸ்டீம்ல இருந்து வெட்டி வச்சது. கதவுல ஸ்டிக்கர் இருந்த எடம் மட்டும் வெயில் படாம நெறம் மாறாம இருக்கு, அதுல 27ன்னு நம்பர் பேய் மாதிரி தெரியுது, வலது கதவுல அதே எடத்துல 11.

ரெஸ்டோர் பண்றேன்னு சொல்லி ஆரம்பிச்சவனுக்கு இங்கதான் தல சுத்துச்சு. எந்த நாளுக்குத் திருப்புறது? ஷோரூம்ல இருந்து வந்த நாளுக்கா, செவப்பா இருந்தப்பவா, நீலமா இருந்தப்பவா. வீட்டு வண்டின்னா கம்பெனி பண்ணது ஒரிஜினல், முடிஞ்சு போச்சு. இதுல கம்பெனி பண்ணத மாத்துனவங்கதான் ஒரிஜினல். அந்தக் கைங்க எல்லாம் யாரோடதுன்னே தெரியாது, ராத்திரி ரெண்டு மணிக்கு டிராக் ஓரத்து பிட்டுல லைட்ட புடிச்சுக்கிட்டு வேல பாத்த பசங்களா இருக்கும்.

அவங்க வேலைய பாக்கப் பாக்க எனக்கு வண்டிய விட அவங்க மேல பிரியம் அதிகமாச்சு. எஞ்சின எறக்கி அடியில ஆயில் தேங்கற சம்ப கழட்டுனா உள்ள தகடு வெட்டி குறுக்கால சொவரு மாதிரி வெல்டு பண்ணிருக்காங்க. நீளமான வலது கார்னர்ல ஆயில் எல்லாம் எடது பக்கம் ஒதுங்கிரும், பிக்கப் கொழா காத்த உறிஞ்சும், பேரிங் போயிரும். அதுக்குத்தான் அந்தத் தடுப்பு. அதுல சின்னதா ஒரு கதவு கூட கீல் வச்சு, ஒரு பக்கம் மட்டும் தொறக்கற மாதிரி, ஆயில் உள்ள வரும் வெளிய போவாது. யாரோ வீட்டு பீரோ கீல சின்னதா வெட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வெல்டு மட்டும் விட்டிருந்துச்சு, அத மட்டும் புடிச்சிட்டு அப்படியே திருப்பி மாட்டிட்டேன்.

எல்லாக் கையும் அப்படி இல்ல. ரோல் கேஜ்ல பெயிண்ட சொரண்டுனா மெயின் வளையத்துல நீளவாக்குல ஒரு தையல் தெரியுது. சீம்லெஸ் பைப்புல தையல் இருக்கக் கூடாது, அதுக்குப் பேரே அதான். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ கணக்குப்படி மெயின் வளையம் கோல்டு டிரான் சீம்லெஸ், 45 மில்லி விட்டம் 2.5 மில்லி கனம், இல்லன்னா 50க்கு 2. இதுல ஓட்ட போட்டு அளந்தா கனமும் கம்மி. யார் பண்ணாங்கன்னு விசாரிக்கல. வண்டி தலகீழா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு மட்டும் ஒரு ராத்திரி யோசிச்சுட்டு கிடந்தேன். பழச பழசாவே வைக்கணும்னு அது வரைக்கும் நானே எல்லார்கிட்டயும் லெக்சர் அடிச்சவன், மறுநாள் காலையில கிரைண்டர எடுத்து கேஜ முழுசா வெட்டிட்டேன். புதுசு சீம்லெஸ்ல, வளைவு சுருங்காம வளைச்சு, ஜாயிண்டுக்கு மீன் வாய் வெட்டி, டிக் வெல்டு. மொத்த பட்ஜெட்டுல மூணுல ஒரு பங்கு அதுக்கே போச்சு. பெல்ட்டு, சீட்டும் அதே கதிதான், அதுல தேதி போட்டிருக்கும், குறிப்பிட்ட வருஷம் தாண்டுனா செல்லாது. கோழி உக்காந்த சீட்டு இப்ப ஆபீஸ் ரூம்ல கெடக்கு.

எஞ்சின் சுத்தவே இல்ல. ஸ்பார்க் பிளக் ஓட்ட வழியா டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊத்தி பத்து நாள் விட்டோம், அப்புறம் நீளமான பார் போட்டு லேசா அசைச்சா நகந்துச்சு. ஹெட்ட கழட்டுனா மூணாவது சிலிண்டர்ல மட்டும் ரிங்கு நின்ன எடத்துல துரு வட்டமா மோதிரம் மாதிரி. வண்டிய நிறுத்துனப்ப அந்த சிலிண்டரோட வால்வு தொறந்த நெலையில நின்னிருக்கு, வருஷக்கணக்கா மழக்காத்து உள்ள போயிருக்கு, அவ்ளோதான் விஷயம். மத்த மூணும் பளபளன்னு இருக்கு. ஒண்ணுக்காக நாலையும் உள்ள கடைஞ்சு போர் பண்ணியாகணும். 74 மில்லி போர், 75.5 ஸ்ட்ரோக், அதுல அர மில்லி ஓவர்சைஸ் போட்டா 1298 சிசி 1316 ஆயிரும். பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் புதுப்பேட்டையில ரெண்டு மணி நேரத்துல கெடைச்சுது, ஜிப்ஸிலயும் இதே குடும்பத்து எஞ்சின்தான், மிலிட்டரி புண்ணியத்துல பார்ட்ஸுக்குப் பஞ்சம் இல்ல.

வயரிங் எலி தின்னுருச்சு, புதுசா இழுத்தேன், அதுல சொல்ல ஒண்ணும் இல்ல.

கார்புரேட்டர்தான் என்னை அழ வச்சுது. கம்பெனியில இருந்து வந்தப்ப பெட்ரோல பீச்சி அடிக்கற இஞ்செக்‌ஷன், அதாவது எம்பிஎஃப்ஐ, 16 வால்வு, 85 குதிர சக்தி. ரேஸ்காரங்க இஞ்செக்‌ஷன தூக்கிப் போட்டுட்டு 40 மில்லி வெபர் சைட் டிராஃப்ட் கார்புரேட்டர் ரெண்டு வச்சிருக்காங்க, சிலிண்டருக்கு ஒரு வாய். பழைய பெட்ரோல் உள்ளயே காஞ்சு அரக்கு மாதிரி ஆகி, சந்து பொந்துல எல்லாம் வெள்ளப் பூப்பு. கழுவி, ஜெட்டு எல்லாம் ஊதி, புது கேஸ்கெட்டு போட்டு மாட்டினேன். வெபர்ல பொதுவா காத்து போற குறுகலான சோக் அளவ நாலால பெருக்குனா, பெட்ரோல் வர்ற ஓட்டையான மெயின் ஜெட்டோட ஆரம்ப நம்பர் வரும். என்னுது 32 சோக், அப்போ 128, பக்கத்துல 130 இருக்கு. ஆனா நான் சும்மா இருப்பனா, இண்டர்நெட்ல எவனோ வெள்ளைக்காரன் சொன்னான்னு 120 போட்டேன், இருமுது, 140 போட்டேன், பிளக்கு கருப்பா வருது, 135, ஏர் ஜெட்ட மாத்து, எமல்ஷன் ட்யூப மாத்து, ரெண்டு நாள் சனி ஞாயிறு முழுசா போச்சு, பக்கத்து ஷெட்டுக்காரரு வந்து சத்தம் தாங்கலன்னு சண்ட போட்டாரு.

அந்த நேரத்துல டிங்கர் பையன் பானெட்ட கவுத்துப் போட்டு அடிப்பக்கம் உப்புத்தாள் போட ஆரம்பிச்சான். சும்மா எட்டிப் பாத்தா ஓரத்துல மார்க்கர்ல தமிழ்ல எழுதியிருக்கு:

கோவை 125 சென்னை 130

டேய் நிறுத்துடான்னு நான் கத்துன கத்துல அவன் தாள கீழ போட்டுட்டான். கோயம்புத்தூர் கடல் மட்டத்துல இருந்து நானூறு மீட்டர் ஒசரம், காத்து கொஞ்சம் லேசு, பெட்ரோல் கொஞ்சம் கம்மியா போதும். சென்னை கடலோரம், காத்து கனம், 130. எந்த மெஷினும் லாப்டாப்பும் இல்லாம பிளக்கோட நெறத்தப் பாத்தே கண்டுபுடிச்சு, அடுத்தவனுக்கு ஆகட்டும்னு எழுதி வச்சிருக்காங்க. 130 மாட்டினேன். மூணாவது கிராங்க்ல புடிச்சுது, 3000 தாண்டி ஒரு இருமல் இல்ல. நான் போய் டீக்கடையில பத்து நிமிஷம் தனியா உக்காந்துட்டு வந்தேன்.

எந்த நாளுக்குத் திருப்புறதுங்கற கேள்விக்கு அதுல விட கெடைச்ச மாதிரி இருந்துச்சு. வெளிய நீலம், அது கடைசியா ஓடுன நெறம். ரெண்டு கதவுலயும் பேய் நம்பர் இருக்கற எடத்த அப்படியே விட்டு சுத்தி மட்டும் அடிச்சோம், ஒரு பக்கம் 27, ஒரு பக்கம் 11. பாக்கறவங்க பெயிண்டர் ஏமாத்திட்டான்னு பரிதாபப்படுறாங்க. பானெட் அடிப்பக்கம் பெயிண்டே அடிக்கல, எழுத்து மேல ஒரு கோட்டு லாக்கர் மட்டும். டிங்கர் அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல, "இவ்ளோ செலவு பண்ணிட்டு அடியில கோலம் மாதிரி விட்டுட்டீங்களே சாரே"ன்னு வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் பொலம்புறாரு.

போன மாசம் இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே. திரும்ப லாரி, திரும்ப வாடகை. மொத லேப்பு மெதுவா, ஆயில் பிரஷர் மேலயே கண்ணு, வலது கார்னர் முழுக்க முள்ளு அசையல, பீரோ கீல் அண்ணே நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருங்க. ரெண்டாவது லேப்பு கொஞ்சம் வேகம், பல்லு நேரா வெட்டுன ஸ்ட்ரெயிட் கட் கியரோட ஊளையில என் காது அடச்சுப் போச்சு. மூணாவது லேப்புல தெகிரியம் வந்துருச்சு, பிரேக்க லேட்டா புடிச்சேன், டயர் இன்னும் சூடாகலங்கறது அப்புறம்தான் நெனவுக்கு வந்துச்சு, வண்டி நேரா புல்ல தாண்டி மண்ணுக்குள்ள போயி நின்னுச்சு. ஒண்ணும் ஆகல, ஒரு கீறல் கூட இல்ல.

ஷெட்டுக்கு வந்து சில்லு ஓட்டைய தொறந்து தண்ணி அடிச்சேன். அர பக்கெட்டு.