பக்கவாதம் வந்த அப்பத்தாவுக்குப் போன் கொடுக்கும் முன்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வெளியூரில். கட்டிலோடு கிடக்கும் அப்பத்தாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்தே நாளில் அது அலமாரிக்குப் போய்விடும். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்பார். அவர் மேல் தப்பில்லை, போனைச் சரியாக அமைக்கவில்லை.

கை நடுங்கினால் விரல் திரையில் கூடுதல் நேரம் நின்றுவிடும். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு ஐகானை இடம் மாற்றும், சில சமயம் அழித்தும்விடும். செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். முகப்பில் நாலு ஐகான் போதும், அதையும் இடம் மாறாதபடி பூட்டிவிடுங்கள். டைப் செய்யச் சொல்லாதீர்கள். வாட்ஸாப்பில் மைக்கை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். முதல் வாரம் இது ஒன்றை மட்டும் பழக்குங்கள். போனை ஸ்டாண்டில், நல்ல கைப் பக்கம் வையுங்கள். பக்கவாதத்தில் சிலருக்கு மறுபக்கம் இருப்பதே கவனத்தில் படாது.

அழகர் ஆற்றில் இறங்குவதை அவர் தனியாக யூடியூபில் பார்ப்பதைவிட, பேத்தி அந்த நேரம் வீடியோ காலில் வந்து பேசினால் நல்லது.

பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, விடியுமுன் விழிப்பு, பேச்சே இல்லை என்றால் தயவுசெய்து "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். சிகிச்சை இருக்கிறது. மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். கூட்டிப்போக ஆளில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.