சிஸ்டர் இட்ட கையொப்பம்

நம் தாதியர் பயிற்சிப் பாடசாலையின் சிஸ்டர் இவ்வாண்டு மாசியில் காலமான செய்தி லண்டனுக்கு எட்டியதும், அவரைப் பற்றி எழுதும்படி நம் சங்கத்தின் மலர்க்குழு கேட்டது. அவருடைய பெயரை நான் எழுதவில்லை. விடுதியில் இருந்தவர்கள் எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

காலை வாட்டு ஒப்படைப்பில் அவர் முதலில் கையில் எடுப்பது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான ரிக்கெட்டைத்தான். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் சொல்லி என்ற நான்கும் இல்லாத குறிப்பை அவர் ஏற்றதே இல்லை. வெறும் கண்டிப்பு என்றே அன்று எண்ணினோம்.

நம்மிடம் வருமுன் அவர் வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வாட்டில் இருந்தவர். ஓர் இரவு, மூத்த வைத்தியர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன அளவில் மருந்து ஏற்றியதும் ஒரு குழந்தைக்கு மூச்சு மந்தமாகியது. குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆயினும் விடியுமுன் அந்த வைத்தியர், வேலைக்குப் புதிதாக வந்திருந்த தாதியிடம், பாதி அளவு கொடுத்ததாக எழுதச் சொன்னார். பேனையைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்ற அந்தப் பிள்ளையைச் சிஸ்டர் கதிரையில் இருத்தி, கொடுத்த அளவையே எழுதுவித்து, அதன் கீழே நேரத்தையும் குறித்துத் தாமும் கையொப்பமிட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. சிஸ்டருக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. அப்படித்தான் அவர் நமக்குக் கிடைத்தார். இதைப் பின்னாளில் எங்களுக்குச் சொன்னவர் அந்தத் தாதிதான். சிஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை.

துணிவு என்றால் நமக்கு 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் பணியாளர் 21 பேர் நோயாளரோடு சேர்த்துக் கொல்லப்பட்ட அந்த நாட்களில், கைகளை உயர்த்தியபடி வெளியே வந்து சுடப்பட்டு இறந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரத்தோடு மூன்று தாதியரும் நடந்தார்கள். அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரவும் வேண்டும். ரிக்கெட்டில் ஓர் எண்ணை மாற்ற மறுத்தவருக்கு அப்படியொரு நாள் இல்லை.

இங்கிலாந்தின் ஸ்ராபோட் வைத்தியசாலையில், நோயாளர் கவனிக்கப்படாததையும், அவசர சிகிச்சைப் பிரிவின் நான்கு மணிநேர இலக்குக்காகக் காத்திருப்பு நேரம் பொய்யாகப் பதியப்பட்டதையும் வெளிப்படுத்தியவர் ஹெலின் டொனலி என்ற தாதி. ஏறக்குறைய நூறு முறை எழுத்தில் முறையிட்ட அவர், மிரட்டலுக்கு அஞ்சி, வேலை முடிந்து தனியே காருக்கு நடக்கவும் பயந்தார். அந்த வைத்தியசாலை பற்றி 2013 பெப்ரவரியில் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கையின் பின், 2014 நவம்பரில், பாரிய தவறு நேர்ந்தால் நோயாளிக்கு உண்மையைச் சொல்வது இங்குள்ள அரச வைத்தியசாலைகளுக்குச் சட்டக் கடமையாயிற்று. அந்த அறிக்கையைப் படித்தபோது நான் சிஸ்டரையே நினைத்தேன். அவருக்குப் பின்னால் எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

அவர் பெயரில் சங்கம் பரிசொன்று நிறுவுமானால், கூடிய புள்ளி பெற்ற மாணவிக்கு அதைக் கொடுக்க வேண்டாம். இளைய தாதி ஒருத்தி உண்மையை எழுதும்போது அருகில் நின்ற மூத்த தாதிக்குக் கொடுங்கள். அப்படி நிற்கக்கூடிய வயதும் அனுபவமும் வந்த காலத்தில் எங்களில் பலர் அங்கே இல்லை. சிஸ்டர் கற்பித்ததை நான் இந்த நாட்டு வாட்டுகளில்தான் செலவழித்தேன். அதற்கு உரிய பிள்ளைகள் அங்கே, இரவுக் கடமையில், கேட்டுக்கொள்ள ஆளில்லாமல் இருந்தார்கள்.