மென்று ஒதுக்க வேண்டிய மருந்து

புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. "நிகோட்டின் சூயிங்கம் எல்லாம் பாத்தாச்சுங்க, ஒண்ணும் வேலைக்கு ஆகல" என்றபடியே உள்ளே வருபவர்கள் நிறைய. எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், சாதாரண சூயிங்கம் மாதிரிதான் என்பார்கள்.

கோளாறே அங்கேதான். புகை ஆசையைத் தணிக்க, நிகோட்டின் வாயின் உட்புறம் வழியாக உடம்பில் ஏற வேண்டும்; விடாமல் மென்றால் அது எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாகச் சில முறை கடித்து, நாக்கில் சுள்ளென்று காரம் தட்டியதும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கடிக்கலாம். ஒரு சூயிங்கம் இப்படி அரை மணி நேரம் வரும். காபி குடித்த கையோடு மென்றால் வாயிலுள்ள அமிலத்தால் மருந்து சரியாக ஏறாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை என்பதால், என் எதிரிலேயே ஒன்றை மெல்லச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் அளவு. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. இதையும் பயந்து பயந்து நாளுக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிகோட்டின் அடிமையாக்கும், சரி. ஆனால் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் புகையில் இருக்கும் மற்ற நச்சுகள். தோலில் நிகோட்டின் பேட்ச் ஒட்டிக்கொண்டு, ஆசை கிளம்பும்போது சூயிங்கமும் மெல்வது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நல்ல பலன் தருகிறது.

புகை ஆசையைக் குறைக்கும் வேரனிக்லின் மாத்திரையை மருத்துவர்தான் எழுத வேண்டும். பொதுவாக, சிகரெட்டை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குறைந்த அளவில் தொடங்கி, 12 வாரம் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கனவுகளும் வரும், "ராத்திரி பூரா சினிமா ஓடுதுங்க" என்றார் ஒருவர். மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் முன்பு பலமாக இருந்தது. எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வுக்குப் பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட்டிருந்த அந்த எச்சரிக்கையை நீக்கியது. புகையை விட உதவும் புப்ரோப்பியான் என்ற இன்னொரு மாத்திரையும் உண்டு, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது.

ஆசை அடங்கியதும் பாதியிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களைத்தான் மறுபடி பார்க்க நேர்கிறது.

இன்னொன்று, சிகரெட்டை விட்டதும் வரும் படபடப்பு. புகை கல்லீரலைத் தூண்டி, காபியில் உள்ள காஃபீனை வேகமாக வெளியேற்றும். சிகரெட் நின்றதும் அதே காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதனால் காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வேன். அப்போதுதான் நிஜமாகவே கோபம் வருகிறது: "அதையுமா விடணும்?"